உனக்கு இஷ்டமா?



வடாம் போடும் பக்குவம், பிள்ளை வளர்ப்பு, மாமியார் - மருமகள் சங்கதி என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ கடிதங்களைப் படித்து ரசித்திருக்கிறேன். நான் எழுதப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். எழுதுவதா, வேண்டாமா என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். ஆனால், இது என் வீட்டில் மட்டும் நடக்கிற கூத்தாகத் தெரியவில்லை. அதனால் வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன். பெண்களுக்காக எழுதப்படும் காதல் கதைகளைப் பற்றியும், அதைப் படிக்கிற பெண்ணை நாம் பார்க்கிற பார்வையைப் பற்றியும் சொல்லப்போகிறேன்.

நான் பேரிகையில் இருக்கிறேன். ஓசூரிலிருந்து பாகலூர் வழியாக வரவேண்டும். கர்நாடக எல்லை எங்களுக்குக் கூப்பிடு தூரம். எங்கள் தெருக் குழாயடியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒன்றாகப் புழங்கும். 1991ல் கல்யாணமாகி இங்கே வந்தேன். அப்போது இது தர்மபுரி மாவட்டம். 2004ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் நிலம் உண்டு. தக்காளியும் ரோஜாவும் வைக்கிறோம்.

நான் பத்தாவது வரை படித்தவள். கதைப் புத்தகம் என்றால் உயிர். அந்த நாளில் ஓசூர் பஸ் ஸ்டாண்டு கடையில் ராணிமுத்து, மாலைமதி என்று மாத நாவல்கள் வரிசையாகத் தொங்கும். என் வீட்டுக்காரர் செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும்போது, மாதம் ஒன்று வாங்கி டிபன் பாக்ஸ் பையில் வைத்துக் கொண்டுவருவார். அது போதாமல் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று கைமாற்றிப் படிப்போம். ஒரு புத்தகம் ஏழெட்டு வீடு சுற்றி வருவதற்குள் அட்டை போய், கடைசிப் பக்கமும் கிழிந்துபோயிருக்கும். முடிவு தெரியாமல் தவிக்கிற தவிப்பு இருக்கிறதே, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்!

1993ம் வருஷம் என்று ஞாபகம். பக்கத்து வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கிய ஒரு காதல் நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். பகல் மூன்று மணி இருக்கும். வேலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இன்னும் முப்பது, நாற்பது பக்கம்தான் பாக்கி. என் மாமியார் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. அட்டையில் ஒரு ஆணும் பெண்ணும் நெருக்கமாக நிற்கிற படம். அதைப் பார்த்ததும் அவருக்கு வந்ததே கோபம்!

"படிச்ச பொண்ணுன்னு கட்டிக்கிட்டு வந்தோம். இதுக்குத்தான் படிச்சியா?"

வெடுக்கென்று பிடுங்கி, வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். நான் பேச்சு மூச்சில்லாமல் நின்றேன். அடுத்த மாதம் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, பக்கத்து வீட்டு அக்காவுக்கு வேறு புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். ஆனால், அந்தக் கதையின் முடிவு இன்று வரை எனக்குத் தெரியாது.

அதே வீட்டுத் திண்ணையில் என் கொழுந்தனார் துப்பறியும் நாவல் படிப்பார். பக்கத்துக்குப் பக்கம் கொலை, ரத்தம். அதை யாரும் அடுப்பில் போடவில்லை. "அவன் எப்பப் பாரு புஸ்தகமும் கையுமா இருக்கான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். கொலை செய்வது எப்படி என்று ஆண்பிள்ளை படித்தால் பொழுதுபோக்கு. ஒருவனும் ஒருத்தியும் மனசு விட்டுப் பேசுவதைப் பெண்பிள்ளை படித்தால் ஒழுக்கக்கேடு!

இது பழைய கதை. இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு இருபத்து நான்கு வயது. ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. போன ஐப்பசியில் ஒருநாள், கல்யாண போட்டோ பார்க்கலாம் என்று அவள் செல்போனை எடுத்தேன். திறந்தவுடன் ஒரு தொடர்கதை. இரண்டு பத்தி படிப்பதற்குள் எனக்குக் காது சூடாகிவிட்டது. புருஷன் பெண்டாட்டி தனியறையில் இருக்கிற கட்டம். நாங்கள் படித்த காலத்தில் அந்த இடத்தில் விளக்கு அணைந்துவிடும். இதில் அணையவில்லை!

குளித்துவிட்டு வந்தவளிடம் எகிறினேன்: "இதுக்குத்தான் உன்னைப் படிக்க வச்சேனா?"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அட, இது என் வார்த்தையே இல்லை! முப்பது வருஷத்துக்கு முன்னால் வெந்நீர் அடுப்புப் பக்கத்தில் நின்று என் மாமியார் சொன்ன அதே வார்த்தை. அவர் வாயில் இருந்தது என் வாய்க்கு எப்போது வந்ததோ தெரியவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மாமியாரின் கடைசி நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. 2011ல் அவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். மூத்திரம், மலம் எல்லாம் நான்தான் எடுத்தேன். அந்த ஏழெட்டு மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதிகள் மாதிரி ஆகிவிட்டோம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். பொழுது போகாமல், "ஏதாவது படிச்சுக் காட்டும்மா" என்பார். பேப்பர் படிப்பேன், சாமி கதை படிப்பேன். ஒருநாள் திடீரென்று கேட்டார்:

"அன்னிக்கு நீ படிச்சியே, அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

"எனக்கு எப்படித் தெரியும் அத்தை? நீங்கதானே அடுப்புல போட்டீங்க!"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவருக்கு இடுப்பு வலி தாங்கவில்லை, ஆனாலும் சிரித்தார். தெரிந்தவரைக்கும் சொல்லச் சொன்னார். சொன்னேன். கதாநாயகன் அவளிடம் வந்து, "உனக்கு என்னைப் பிடிச்சிருக்கா? பிடிக்கலேன்னா தயங்காம சொல்லு" என்று கேட்கிற கட்டம் வந்தது. மாமியார் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

"உங்க மாமா நல்ல மனுஷன். கை நீட்டினதில்ல, சோத்துக்குக் குறை வச்சதில்ல. ஆனா நாப்பது வருஷத்துல ஒரு நாள் கூட, உனக்கு இஷ்டமான்னு கேட்டதில்ல. அப்படிக் கேப்பாங்கன்னே எனக்குத் தெரியாது. புஸ்தகத்துல கேக்கறாங்களா?"

"சில புஸ்தகத்துல கேக்கறாங்க அத்தை" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"கேக்கட்டும், கேக்கட்டும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதை நினைத்துக்கொண்டே விடிய விடிய விழித்திருந்தேன். காலையில் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "திட்டல. நிஜமாத்தான் கேக்கறேன். அந்தக் கதையில என்ன இருக்கு?" என்றேன். முதலில் முறைத்தாள். பிறகு சொன்னாள்:

"நீ ரெண்டு பத்தியோட நிறுத்திட்டம்மா. அதுக்கு அடுத்து என்ன தெரியுமா? அவன் உனக்கு இஷ்டமான்னு கேக்கறான். அவ இன்னிக்கு வேணாம், அசதியா இருக்குங்கறா. அவன் மூஞ்சியத் தூக்கல. போய் டீ போட்டு எடுத்துக்கிட்டு வர்றான். நான் அந்தப் பக்கத்தைத்தான் ரெண்டு தடவை படிச்சேன்."

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல இருந்தது. பாட்டி தேடியதைப் பேத்தி செல்போனில் கண்டுபிடித்திருக்கிறாள். நடுவில் நான், என் பங்குக்கு அடுப்பு மூட்டப் பார்த்திருக்கிறேன்!

தோழிகளே, பெண்களுக்கான காதல் கதை என்றாலே ஒரு இளக்காரம் நம் ஊரில் உண்டு. ரமணிசந்திரன் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அவருடைய புத்தகத்தைப் படிக்காத வாசகிகள் நம்மில் குறைவு. 2008ல் சென்னைப் பதிப்பகம் ஒன்று தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது அவர் கதையையும் சேர்த்தார்கள். ஆனாலும் 'ரமணிசந்திரன் படிக்கிறவள்' என்று சொன்னால் அதில் ஒரு நக்கல் இருக்கும். எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிறவர்களுக்கு யத்தனபூடி சுலோசனா ராணி. அவருடைய 'செகரட்டரி', 'மீனா' நாவல்கள் சினிமாவாகவே வந்தன. 2018ல் அவர் காலமானபோது எங்கள் எதிர்வீட்டு அம்மா சொந்த அக்காவைப் பறிகொடுத்த மாதிரி அழுதார். கன்னடக்காரர்களுக்கு திரிவேணி. 1963ல் முப்பத்தைந்து வயதுக்குள் போய்விட்டாலும், பெண்ணின் மனசுக்குள் இருக்கும் அவஸ்தையை எழுதி வைத்துவிட்டுப் போனவர். மொழி மூன்று, பரிகாசம் மட்டும் ஒன்று. 'பொம்பளைங்க படிக்கிறது' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள்.

பெண் எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு முந்நூறு வருஷக் கதை ஒன்று உண்டு. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற தெலுங்கு ஆசிரியை சொல்லித்தான் எனக்கே தெரியும். 18ம் நூற்றாண்டில், பிரதாபசிம்மர் தஞ்சையை ஆண்ட காலத்தில், அவர் அரசவையில் முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் இருந்தார். 'ராதிகா சாந்த்வனம்' என்று தெலுங்கில் ஒரு காவியம் எழுதினார். கண்ணன் மேல் ராதை கொண்ட ஆசை, பொறாமை, கோபம், அவளைக் கண்ணன் சமாதானப்படுத்துவது, இதுதான் கதை. கண்ணன் ஆசைப்பட்டதை எழுதிய ஆண் கவிஞர்கள் நிறையப் பேர். ராதையின் ஆசையை ஒரு பெண்ணே எழுதியதுதான் இதில் புதுசு.

பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910ல் அந்தக் காவியத்தை முழுசாகப் பதிப்பித்தார். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் சமாதிக்குத் தன் சொத்தைச் செலவழித்துக் கோயில் எழுப்பினாரே, அதே நாகரத்தினம்மாள்தான். உடனே 'ஆபாசம்' என்று கூச்சல் கிளம்பியது. வெள்ளைக்கார அரசாங்கம் பிரதிகளைப் பறிமுதல் செய்து, புத்தகத்துக்குத் தடை போட்டது. ஆண்கள் எழுதிய காவியங்களில் இதைவிட அதிகமாக இருக்கிறதே, நாணம் என்பது பெண்ணுக்கு மட்டும்தானா என்று நாகரத்தினம்மாள் நியாயம் கேட்டார். 1947ல், பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. கிட்டத்தட்ட முப்பத்தைந்து வருஷம்! என் மாமியார் வீட்டு அடுப்பில் போட்டதை அவர்கள் சட்டத்தின் அடுப்பில் போட்டார்கள், அவ்வளவுதான்.

சீமையிலும் இதே கதைதான். 'லேடி சாட்டர்லியின் காதலன்' என்ற நாவல் மீது 1960ல் லண்டனில் வழக்கு நடந்தது. அரசு வக்கீல் எழுந்து ஜூரிகளைப் பார்த்து, உங்கள் மனைவியோ வேலைக்காரரோ படிக்கவேண்டும் என்று நீங்கள் விரும்புகிற புத்தகமா இது என்று கேட்டார். ஜூரிகளில் மூன்று பேர் பெண்கள் என்பதே அவருக்குத் தோன்றவில்லை போலும்! வழக்கு தோற்றது, புத்தகம் வெளிவந்தது. நம் நாட்டில் அதே நாவலை விற்ற மும்பைக் கடைக்காரரின் தண்டனையை 1964ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வக்கீலின் கேள்வியைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். புத்தகம் நல்லதா, கெட்டதா என்று அவர் கேட்கவில்லை. 'உன் மனைவி படிக்கலாமா' என்றுதான் கேட்டார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஆண்டாளையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி வந்தால் திருப்பாவை முப்பதும் வீடெல்லாம் ஒலிக்கும். அதே ஆண்டாள் பாடிய நாச்சியார் திருமொழியில் 143 பாசுரம் இருக்கிறது. அதில் 'வாரணமாயிரம்' மட்டும் கல்யாண வீட்டில் கேட்போம். மிச்சத்தை எத்தனை வீட்டில் பெண்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்? தன் உடம்பையும் ஆசையையும் ஒளிக்காமல் சொன்னவளைக் கும்பிடுகிறோம். அவள் சொன்னதை மட்டும் மெதுவாக மூடிவைத்துவிடுகிறோம்.

சல்மாவை நினைத்துப் பாருங்கள். வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோன பெண். வீட்டுக்குத் தெரியாமல், புனைபெயரில் எழுதினார். வீட்டுக்குள்ளேயே முடங்கிய பெண்களின் ஆசையையும் ஏக்கத்தையும் வைத்து 2004ல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்ற நாவலைத் தந்தார். பெண்கள் உடம்பைப் பற்றிக் கவிதை எழுதுவதா என்று அவரைப் போன்ற கவிஞர்கள் மீது அந்தச் சமயத்தில் எத்தனை வசவு! 2025ல் அவர் மாநிலங்களவை உறுப்பினராகிவிட்டார். வசவு பாடியவர்கள் என்ன ஆனார்களோ!

அதற்காக, காதல் கதை எல்லாமே தங்கம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் பொய் சொல்கிறேன் என்றுதான் அர்த்தம்.

நாங்கள் அந்தக் காலத்தில் உருகி உருகிப் படித்த கதைகள் சிலவற்றில் கதாநாயகன் எப்படி இருப்பான்? பணக்காரன், முன்கோபி. கதாநாயகியை அவமானப்படுத்துவான், கையை முறுக்குவான், சமயத்தில் கன்னத்தில் அறைவான். கடைசி அத்தியாயத்தில், "எல்லாம் உன் மேல இருக்கிற ஆசையாலதான்" என்பான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் மார்பில் சாய்ந்துகொள்வாள். நாங்களும் கூடச் சேர்ந்து மூக்கைச் சிந்துவோம். இப்போது செல்போன் கதைகளிலும் 'ஆன்ட்டி ஹீரோ' என்று ஒரு வகை இருக்கிறதாம். கட்டாயத் தாலி, கடத்தல், மிரட்டல், பிறகு காதல். அதற்கும் வாசகிகள் ஏராளமாம்.

என் மகள் என்னை மடக்கினாள்: "நீ படிச்சதுல அறைஞ்சான், அதை நல்ல கதைன்னே. நான் படிச்சதுல டீ போட்டான், அது ஆபாசமா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம் கணக்கே தப்பு, தோழிகளே. முத்தம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பக்கம் பிரித்தோமே தவிர, அறை விழுகிறதா என்று பார்க்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2025 மார்ச்சில் எங்கள் மாவட்டத்து மலைப்பகுதியில் ஒரு கொடுமை நடந்தது. பதினாலு வயதுக் குழந்தை. கட்டாயமாகக் கல்யாணம் செய்துவைத்து, அவள் கதறக் கதறத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் காட்சி செல்போன் செல்போனாகப் பரவியது, கைதும் நடந்தது. அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கதையில் கதாநாயகன் தூக்கிக்கொண்டு போனால் 'ஆகா' என்று படித்தேனே, நிஜத்தில் தூக்கிக்கொண்டு போனால் இப்படித்தான் இருக்கும். அந்தக் குழந்தை காதல் கதை படித்துக் கெட்டுப்போகவில்லை. அவளிடம் ஒருத்தரும், உனக்கு இஷ்டமா என்று கேட்கவில்லை. பெண்பிள்ளை எதைப் படிக்கிறாள் என்று பதறுகிற ஊர், அவளிடம் எதைக் கேட்கவில்லை என்று ஒரு தடவையாவது பதற வேண்டாமா?

என் நாத்தனார் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "இதையெல்லாம் படிச்சா பொண்ணுங்களுக்கு எதிர்பார்ப்பு ஏறிடும் அண்ணி. அப்புறம் எந்த மாப்பிள்ளையும் பிடிக்காது" என்றார். நானும் யோசித்தேன். மாளிகையும் காரும் வேண்டும் என்று எதிர்பார்ப்பு ஏறினால் அது கஷ்டம்தான். நிஜத்தில் வரப்போகிறவன் ஷிப்ட் முடிந்து கிரீஸ் கையோடு வருகிறவன். ஆனால், தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஏறினால் அதில் என்ன நஷ்டம்? அது ஏறட்டும். அதற்குக் காசு செலவாகாது. ஷிப்ட்டுக்குப் போகிறவனாலும் கேட்க முடியும்.

தாயாக இருக்கிறவர்களுக்கு நான் செய்துபார்த்ததைச் சொல்கிறேன். போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் ஒளித்துப் படிப்பார்கள். நாமே அரிசிப் பானைக்குள் ஒளித்துப் படித்தவர்கள்தானே! பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்றால் எதைப் படிக்கலாம், எது இப்போது வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள். அடுத்த பாகம் படிக்கக் காசு கட்டச் சொல்கிற கதைகளும் இருக்கின்றன. செலவுக்கு ஒரு அளவு வைக்கச் சொல்லுங்கள். கல்யாண வயதுப் பெண் என்றால் அவள் படிக்கிற கதையை நீங்களும் படியுங்கள். பெங்களூரில் 2014ல் தொடங்கிய பிரதிலிபி மாதிரியான செயலிகளில் நம்மைப் போன்ற இல்லத்தரசிகள் எத்தனையோ பேர் தமிழில் எழுதுகிறார்கள். அடுப்பில் குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் ஒரு அத்தியாயம் எழுதுகிற பெண்களை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

படித்துவிட்டுப் பேசுங்கள். "இவன் அவளைக் கேட்டானா? அவ வேணாம்னு சொன்னா அப்பவும் மரியாதையா இருந்தானா?" இந்த இரண்டு கேள்வி போதும். கேட்கிறவன் வரும் கதை விளக்கு அணையாத கதையாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். கேட்காதவன் வரும் கதை எத்தனை கௌரவமாக, கோயில் மணிச் சத்தத்தோடு முடிந்தாலும், அதைப் பற்றிப் பெண்ணிடம் உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும். பையன் இருக்கும் வீட்டில் பையனிடமும் பேசுங்கள். அவன் போனில் என்ன பார்க்கிறான் என்று நாம் கேட்பதே இல்லை. அந்தக் காலத்தில் நம் நாவல்கள் தொங்கிய அதே பஸ் ஸ்டாண்டு கடையில், உள்ளே மடித்து வைத்து விற்ற புத்தகங்களைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லையே! அட்டையில் பெண் பெயர், எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது, வாங்குவதெல்லாம் ஆண்கள். அந்தப் புத்தகத்தை எந்த மாமனாரும் அடுப்பில் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மாமியார் கண் மூடுவதற்குச் சில நாள் முன்பு, நான் பாதியில் விட்ட அந்த நாவலுக்கு அவரே ஒரு முடிவு சொன்னார். "அவன் கேட்டான் இல்ல? அவ உடனே சரின்னு சொல்லியிருக்க மாட்டா. யோசிச்சுச் சொல்றேன்னிருப்பா" என்றார். படிக்கத் தெரியாத அந்தக் கிழவி சொன்னதைவிட நல்ல முடிவை எந்த நாவலிலும் நான் படித்ததில்லை.

இஷ்டம் என்ற வார்த்தை எங்கள் பேரிகையில் தமிழுக்கும் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் பொது. குழாயடியில் யாரிடம் சொன்னாலும் புரியும். வருகிற தை மாதம் என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடித்து முடித்ததும், எல்லோர் முன்னாலும் நான் என் மகளிடம்தான் முதலில் கேட்கப்போகிறேன். அவள், யோசித்துச் சொல்கிறேன் என்றால் காத்திருப்போம்.

என்ன தோழிகளே, உங்கள் வீட்டில் கேட்கிறீர்களா?

- ஒரு வாசகி, பேரிகை.